வருணனைக் கலையின் முன்னோடி பாபி தல்யார்கான்

பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும். தேனியிலும் கம்பத்திலும் போடியிலும் தேநீர்க் கடை வானொலியைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். கூத்தபிரான், இராமமூர்த்தி, அப்துல் ஜப்பார் முதலியோரின் தமிழ் வருணனையில் கண்காணா ஆடுகளம் கண்முன் விரிந்த காலம் அது. அக்கலைக்கு இந்திய மண்ணில் முதல் வித்து ஊன்றியவர் பம்பாயின் பார்சிக் குடும்பத்தவரான ஏ.எஃப்.எஸ். தல்யார்கான். 1897ஆம் ஆண்டு பிறந்த அவரை ஊரும் உலகும் பாபி என்றே அழைத்தன.

இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1927இல்தான் கிரிக்கெட் வருணனையைத் தொடங்கியது. ஏழே ஆண்டுகளில், 1934இல், பம்பாயில் நடந்த நான்முனைப் போட்டியில் பார்சி அணியும் முஸ்லிம் அணியும் மோதிய ஆட்டத்தை வானொலியில் வருணித்தார் தல்யார்கான். அகில இந்திய வானொலி என்னும் பெயரே அப்போது பிறக்கவில்லை. அது 1936இல் வந்தது. பின்பற்ற இந்தியாவில் முன்மாதிரி எவருமில்லை. ஆங்கிலத்தில் அமைந்த அவ்வருணனைக்குரிய நடையை அவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கனத்த, இனிய குரல் அவருடையது. பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும் இடைவெளியை ஒரு பழைய நிகழ்ச்சியால் நிரப்புவார். உணவு, தேநீர் இடைவேளைகள் தவிர, நாள் முழுவதும் ஒருவராகவே பேசுவார். ஒலிவாங்கியைப் பிறருடன் பகிர்ந்துகொள்ள அவர் இசைந்ததில்லை.

அந்தப் பிடிவாதமே திருப்புமுனையாயிற்று. 1948-49இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியா வந்தது. விடுதலை பெற்ற நாட்டில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. மூவர் மாறி மாறி வருணிக்க வேண்டும் என்று வானொலி நிலையத்தார் முடிவு செய்தனர். தல்யார்கான் விலகிக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்தவர், தாம் உருவாக்கிய இருக்கையை விட்டு எழுந்து சென்றார்.

அதைச் செருக்கு என்று கூறலாம். ஒரு நாள் ஆட்டத்தை முதலும் முடிவும் கொண்ட ஒரே கதையாக அவர் கண்டார் என்றும் கூறலாம். ஒரு காவியத்தைப் பாதியில் மற்றொருவர் கையில் கொடுக்க எந்தக் கவிஞர்தான் இசைவார்? ஆயினும் காலம் வானொலியார் பக்கமே நின்றது. பலர் கூடி வருணிப்பதே பின்னாளில் வழக்கமாயிற்று. தொலைக்காட்சியும் அதையே மேற்கொண்டது.

விலகிய பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. பிளிட்ஸ், மிட்டே முதலிய ஏடுகளில் அஞ்சாமல் எழுதி வந்தார். 1990இல், தொண்ணூறு வயது கடந்த நிலையில் மறைந்தார்.

தொலைக்காட்சியில் காட்சியே பேசிவிடுகிறது. அங்கே வருணனையாளர் எங்கே வாய்மூடுவது என்று அறிந்தால் போதும். தல்யார்கானுக்கு அந்த வசதி இல்லை. புல்லின் பசுமையையும் மட்டையின் வீச்சையும் கூட்டத்தின் மூச்சையும் சொல் ஒன்றாலேயே படைத்தாக வேண்டும்; எழுதித் திருத்தவும் நேரமில்லை. சொல்லையே நம்பி வாழும் கவிஞர்கள் அவரைத் தம் இனத்தவராகவே கொள்ளலாம்.