பேராயர் பாட்டிசன்

பசிபிக் பெருங்கடலின் தென்மேற்கில் சிதறிக் கிடக்கும் தீவுகளின் தொகுதி மெலனீசியா. அங்கே ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதற் பேராயராக விளங்கியவர் ஜான் கோல்ரிட்ஜ் பாட்டிசன். இவர் 1827ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1855ஆம் ஆண்டு, பேராயர் செல்வின் என்பாருடன் நியூசிலாந்து சென்றார். 1861ஆம் ஆண்டு பேராயர் பதவி ஏற்றார்.

அத்தீவுகளில் வழங்கும் மொழிகள் மிகப் பல. பாட்டிசன் தம் மொழியை அம்மக்கள்மீது சுமத்தினாரல்லர். அவர்தம் மொழிகளுள் இருபதுக்கு மேற்பட்டவற்றைத் தாமே கற்றார். தீவுகளினின்று இளைஞரை அழைத்து வந்து, மோத்தா என்னும் தீவின் மொழியிலேயே கல்வி புகட்டினார். 1867ஆம் ஆண்டு அப்பள்ளி நார்போக் தீவுக்கு மாறியது.

அக்காலத்தில், கரும்பு, பருத்தித் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கப்பல்கள் அங்குத் திரிந்தன. வஞ்சனையாலும் வலிமையாலும் தீவினர் பலர் கவரப்பட்டனர். பாட்டிசன் இக்கொடுமையைக் கண்டித்து, அதனைச் சட்டத்தால் அடக்குமாறு முறையிட்டார். அந்தோ! கப்பலில் வந்த வெள்ளையர் அனைவரையும் தீவினர் ஐயுறும் காலமாயிற்று அது. 1871ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், நுகாப்பு என்னும் தீவில் தனியராய்க் கரையேறிய பாட்டிசன் கொல்லப்பட்டார். ஆள் கவர்ந்தோர் செய்த தீமைக்குப் பழியாகவே இது நிகழ்ந்தது என்பர் பலர்.

அவர் இறப்பு ஆங்கில நாட்டை உலுக்கியது. 1872ஆம் ஆண்டு, தீவினரைக் காக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. 1873ஆம் ஆண்டு, அவர்தம் மாணவர் ஜார்ஜ் சாராவியா மெலனீசியருள் முதற் குருவானார். பிறர் மொழியை மதித்துக் கற்பதே அவரை மதிப்பதாகும் என்பதை இப்பெரியார் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.