போஸ் வேண்டாமென்ற பாதி லாபம்

தேக்காவுல சொந்தத் தொழில் தொடங்குற நம்ம பிள்ளைங்க என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று: கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுத்து, அதை அடுத்தவருக்கு உரிமம் கொடுக்கலாமா? அவர்களுக்கு நான் சொல்வது ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கையை.

1858ல் வங்காளத்தில் பிறந்தவர்; கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். கம்பியில்லா அலைகளை உணரும் கருவி செய்தார். 1901ல் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி, தானே முதல் போட்டுக் காப்புரிமை எடுப்பதாகவும், லாபத்தில் பாதிப் பாதி என்றும் பேசினார். போஸ் மறுத்துட்டார். விவேகானந்தரின் சீடர் சாரா புல் அம்மையார் விடலை. அவர் முயற்சியால் 1904ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. அதிலும் போஸ் காசு பார்க்கலை. 1917ல் தன் சேமிப்பையும் நன்கொடையையும் வைத்தே ஆய்வுக்கூடம் கட்டினார். அங்கும் காப்புரிமை எடுப்பதில்லை என்றே முடிவு செய்தார். 1937ல் மறைந்தார்.

அது பெரிய மனசு. ஆனா அவருக்குக் கல்லூரிச் சம்பளம் இருந்தது. நமக்கு மாதம் பிறந்தா கடை வாடகை, ஆள் சம்பளம். உரிமம் கொடுத்தால் தொழிற்சாலை கட்டாமலே வருமானம் வரும். ஒருவருக்கே முழு உரிமை எழுதிக் கொடுத்தா, அவர் சும்மா வைத்திருந்தாலும் நம்ம கை கட்டிப்போகும். சிங்கப்பூரில் காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம்தான். புதுப்பிக்கக் கட்டணமும் உண்டு. அதனால் எந்த ஊருக்கு, எத்தனை வருஷத்துக்கு, விற்காவிட்டால் திரும்பி வருமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்க. சும்மா கொடுப்பதானாலும் போஸ் மாதிரி தெரிந்தே கொடுங்க.