அச்சை முறித்துப் பார்த்தவர்

எஸ்-என் கர்வ் வரைந்து மார்க் வாங்கிய நண்பர்களே, (வாங்காமல் அரியர் வைத்தவர்களே!) அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரரைத் தெரியுமா? ஆகஸ்ட் வோலர். 1819-ல் ஜெர்மனியில் சோல்டாவ் என்ற ஊரில் பிறந்தவர். ஹனோவர் தொழிற்பள்ளியில் படித்தார். அது பிற்பாடு பாலிடெக்னிக் ஆனது. அதனால் அவர் நம்ம ஆளுதான்.

1842 மே மாதம் பிரான்சில், வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் தீப்பிடித்தன. கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிகச் சுமை ஏற்றவில்லை, நேற்று வரை ஓடிய அச்சு. பின்னே ஏன் முறிந்தது? அதிர்ந்து அதிர்ந்து இரும்பே குணம் மாறிவிடுகிறது என்றுகூடப் பலர் நம்பினார்கள்.

வோலர் 1847 முதல் பிரஷ்ய ரயில்வேயில், ஓடர் நதிக்கரை பிராங்க்ஃபர்ட் பணிமனைக்குப் பொறுப்பாளர். வதந்தியை அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஓடும் வண்டியின் அச்சிலேயே துத்தநாகத் தகட்டைப் பொருத்தினார். அச்சு வளையும்போது ஒரு முள் தகட்டில் கீறும். கீறலின் நீளத்தை வைத்து அச்சு தாங்கும் தகைவைக் கணக்கிட்டார். ஸ்ட்ரெயின் கேஜ் இல்லாத காலம், பாருங்கள்!

பிறகு அச்சைச் சுழற்றி, வளைத்து, முறிக்கும் இயந்திரம் செய்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இதே வேலை. சில துண்டுகள் கோடிக்கணக்கான சுற்று தாங்கின. ஒரே தடவையில் முறிக்காத சுமையும், திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும். தகைவின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம். ஓர் எல்லைக்குக் கீழே போனால் முறியாது. விட்டம் சட்டென்று மாறும் கூர்மூலைதான் ஆபத்து என்றும் கண்டார். லேத்தில் ஃபில்லட் போடச் சொன்னால் முணுமுணுக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். 1870-ல் முழு அறிக்கை வெளிவந்தது.

இன்னொன்றும் சொன்னார்: ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இரும்பு குறைந்த ஏற்ற இறக்கத்தையே தாங்கும். பழைய தண்டவாளத்தில் இது அப்படியே பொருந்தும். ஆலையில் உருளைகளுக்கிடையே நேராக்கும்போதே தண்டவாளத்துக்குள் தகைவு தங்கிவிடுகிறது. அடிப்பாகத்தில் அது இழுவிசை. மேலே சக்கரங்கள் நசுக்கி நசுக்கி இன்னொரு தகைவைச் சேர்க்கின்றன. வண்டியே நிற்காவிட்டாலும் அது உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கழற்றிய தண்டவாளத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, வாளால் அறுத்து, விடுபடும்போது எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வோலர் அந்தக் கோட்டை வரையவே இல்லை. அட்டவணைகளோடு நிறுத்திக்கொண்டார், கோடாக வரைந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். 1914 மார்ச்சில், 94 வயதில், படித்த ஹனோவரிலேயே காலமானார்.