ஹரால்ட் ஹண்டர்: முகம் அவருடையது, உரிமை யாருடையது?

கல்வராயன் மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து பறையிசைக் குழுவைச் சேர்ந்த 6 இளைஞர்கள் சென்ற ஆண்டு கள்ளக்குறிச்சியில் உள்ள நம் அலுவலகத்திற்கு வந்தனர். அனைவரும் கல்லூரி மாணவர்கள். அவர்களில் இருவருக்கு அப்போது 18 வயது நிறைவடையவில்லை. ஒரு படப்பிடிப்புக் குழு மலையில் இரண்டு நாள் தங்கி, அவர்களுடைய அடியையும் ஆட்டத்தையும் படம்பிடித்துச் சென்றிருக்கிறது. உணவும் சிறு தொகையும் கொடுத்து, அச்சடித்த தாள் ஒன்றில் கையொப்பம் பெற்றிருக்கிறது. பாடல் வெளியாகிப் பலரும் பார்த்த பின்னர், அதில் தம் முகம் இருப்பதையும் தம் பெயர் எங்கும் இல்லாததையும் கண்டு அவர்கள் வந்திருந்தனர். அன்று மாலை சட்டப்பிரிவுகளைச் சொல்லி முடித்தபின், அவர்களிடம் நியூயார்க்கைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் ஒருவரின் வாழ்வைப் பற்றிப் பேசினோம். அதையே இங்குச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஹரால்ட் ஹண்டர் 1974 ஏப்ரல் 2 அன்று பிறந்தார். மன்ஹாட்டன் தீவின் கீழ்க்கிழக்குப் பகுதியில் உள்ள காம்போஸ் பிளாசா என்ற அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தார். போர்ட்டோ ரிக்கோ விடுதலைப் போராளி பெட்ரோ அல்பிசு காம்போஸின் பெயர் தாங்கிய குடியிருப்பு அது. நம் நகரங்களில் குடிசை மாற்று வாரியம் கட்டிய தொகுப்பு வீடுகளை நினைத்துக்கொண்டால் அதன் சூழல் ஓரளவு விளங்கும். 1980களில் அவ்வட்டாரத்தை ஒருபுறம் ஹெராயினும் கிராக் கொக்கெயினும் தின்றுகொண்டிருந்தன. மறுபுறம் வாடகை உயர்ந்து, ஏழைகள் வெளியே தள்ளப்பட்டனர். 1988 ஆகஸ்டில், அருகிலிருந்த டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவை இரவில் மூடும் உத்தரவை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது காவல்துறை தடியடி நடத்தியது. அப்போது ஹரால்டுக்கு வயது 14.

அந்த வயதில் அவர் கையில் இருந்தது நான்கு சக்கரம் பூட்டிய ஒரு மரப்பலகை. ஸ்கேட்போர்டு கலிபோர்னியாவின் கடற்கரையில் பிறந்தது. அலைச்சறுக்கு விளையாடிய வெள்ளையின இளைஞர்கள், அலையில்லாத நாள்களில் தரையில் சறுக்குவதற்காக அதைப் பயன்படுத்தினர். பின்னர் நீர் வற்றிய நீச்சல் குளங்களில் இறங்கிச் சுழன்றனர். வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்டாலே அவ்விளையாட்டின் நிறம் தெரிந்துவிடும். 1970களிலேயே மார்ட்டி கிரைம்ஸ், 1980களில் ஸ்டீவ் ஸ்டெடம் ஆகிய கறுப்பின வீரர்கள் அங்குப் பெயர் பெற்றிருந்தனர். ஆயினும் விளம்பரங்களிலும் இதழ்களிலும் அது வெள்ளையினப் பிள்ளைகளின் விளையாட்டாகவே காட்டப்பட்டது. பலகையோடு தெருவில் இறங்கிய கறுப்பினச் சிறுவன் இருபுறமும் ஏச்சு வாங்கினான். தன் தெருவில் வெள்ளையரின் வேலையைச் செய்பவன் என்றும், வெள்ளையர் தெருவில் திருட வந்தவன் என்றும் பார்க்கப்பட்டான். யாருக்கு எந்த இசைக்கருவி, யாருக்கு எந்த விளையாட்டு என்பது பிறக்கும் முன்பே எழுதப்பட்ட நாட்டில் வாழும் நமக்கு இது புதிதன்று.

நியூயார்க்கில் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் அரிது. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, நடைபாதை விளிம்பு, வங்கி வாசலின் பளிங்குத் திண்ணை ஆகியவையே அங்கு மைதானம். புரூக்ளின் பாலத்தின் அடியில் செங்கல் பாவிய நெடுஞ்சரிவு ஒன்று உண்டு. எவரும் ஒதுங்க விரும்பாத அவ்விடத்தை இளைஞர்கள் தம் களமாக்கிக்கொண்டனர். ஹரால்டின் பெயர் முதலில் பரவியது இத்தகைய இடங்களில்தான். உயரமான படிகளை அஞ்சாமல் தாண்டுவார், விழுவார், எழுந்து, சுற்றி நிற்பவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு மீண்டும் தாண்டுவார். அவரது ஆட்டத்தைவிட அவரது பேச்சையும் சிரிப்பையும் நினைவுகூர்வோரே அதிகம். புதிதாகப் பலகையோடு வந்து கூச்சத்துடன் ஒதுங்கி நின்ற சிறுவனை முதலில் அழைத்துப் பேசுபவர் அவராகவே இருந்தார் என்று அவருடன் பழகியவர்கள் பதிவு செய்துள்ளனர்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று கடந்துவிட இயலாது. தெரு யாருடையது என்ற கேள்வி இதில் இருக்கிறது. ஊர்த்தெருவில் மிதிவண்டியைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. சக்கரத்தின்மேல் நின்றபடி ஒருவன் பொதுச்சாலையில் போவதற்கு ஆதிக்கம் ஏன் இத்தனை பதற்றம் கொள்கிறது என்பதை அவர்களிடம் கேட்டால் தெளிவாகச் சொல்வார்கள்.

கலிபோர்னிய ஸ்கேட்போர்டு பங்க் இசையோடு வளர்ந்தது. நியூயார்க்கில் அதற்கு ஹிப்-ஹாப் துணையாயிற்று. இரண்டுக்கும் ஒரே தெரு, ஒரே வயது, ஒரே காலணி. 1986இல் ஷட் என்ற பலகை நிறுவனம் அந்நகரில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ராட்னி ஸ்மித், ஈலை கெஸ்னர், ஆடம் ஷாட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1993இல் சூ யார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். 1970களின் சுவரெழுத்துக் கலைஞர்கள் வைத்திருந்த பெயரை அது எடுத்துக்கொண்டது. ஹரால்ட் அதன் முகமானார். அதே ஆண்டுகளில் கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா இருவரும் நள்ளிரவு நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்தனர். நாஸ், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி, ஜே-ஸி போன்றோர் பெரிய ஒப்பந்தம் ஏதும் பெறாத காலத்திலேயே அங்கு வந்து பாடினர். அந்நிகழ்ச்சியில் இட்டுக்கட்டிப் பாடப்பட்ட வரிகளை ஸ்கேட்போர்டுக் காட்சிகளோடு கோத்து 1998இல் சூ யார்க் வெளியிட்ட மிக்ஸ்டேப் என்ற காணொளி, நாடா நாடாவாகப் பிரதி எடுக்கப்பட்டு நாடெங்கும் சென்றது. சக்கரம் கல்லில் உரசும் ஓசையும் தாளமும் ஒன்றாகக் கேட்கும் அந்தப் பதிவில் ஹரால்டும் இருக்கிறார். பிற்காலத்தில் விளம்பரங்களும் ஆடை நிறுவனங்களும் தெருப் பண்பாடு என்று விற்றதன் விதைகளில் ஒன்று இது.

இனி திரைப்படத்திற்கு வருவோம். 50 வயதை ஒட்டிய லாரி கிளார்க் என்ற புகைப்படக்காரர் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் கூடும் இந்த இளைஞர்களோடு பழகத் தொடங்கினார். அங்கே அவர் சந்தித்த ஹார்மனி கொரைன் என்ற இளைஞர் திரைக்கதை எழுத, கிட்ஸ் என்ற படம் உருவாகி 1995இல் வெளிவந்தது. நடிகர்களில் பெரும்பாலோர் அதுவரை கேமரா முன் நின்றறியாதவர்கள். எச்ஐவி தொற்றைத் தான் பரப்புவதையே அறியாத ஒரு சிறுவனையும் அவன் நண்பர்களையும் ஒரு பகலும் இரவும் பின்தொடரும் கதை. ஹரால்ட் அதில் ஹரால்ட் என்ற பெயரிலேயே வருகிறார். படம் எடுக்கப்பட்ட முறையால், எழுதப்பட்ட கதையை உண்மை என்றே எண்ணினோர் பலர். போதையும் வன்முறையும் பெண்கள்மீதான கொடுமையும் நிறைந்த அப்பாத்திரங்களின் குணம், அவற்றில் நடித்த ஏழைப் பிள்ளைகளின் குணமாகவே பார்க்கப்பட்டது. சேரி இளைஞனைத் திரையில் ரவுடியாகவே பார்த்துப் பழகிய பின், அவனைச் சாலையில் கண்டதும் காவலர் வண்டியை நிறுத்துவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

ஏறக்குறைய 15 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. கான் விழாவில் திரையிடப்பட்டது. க்ளோயி செவின்யியும் ரொசாரியோ டாசனும் நட்சத்திரங்களாயினர். பூங்காவிலிருந்து வந்த இளைஞர்கள் பூங்காவுக்கே திரும்பினர். தமக்குக் கிடைத்த தொகை மிகச் சிறியது என்றும், எதில் நடிக்கிறோம் என்பது தமக்கு முழுமையாக விளங்கவில்லை என்றும் அவர்களில் சிலர், அவர்களுள் ஒருவரான ஹாமில்டன் ஹாரிஸ் பங்களிப்போடு எடி மார்ட்டின் இயக்கிய 2021ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் கூறினர். கலை மதிப்பைப் பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதே ஒரு வழக்கறிஞருக்கு முதலில் எழும் கேள்வி.

ஹரால்டுக்குப் புகழ் வந்தது. அவர் பெயர் பொறித்த பலகைகள் விற்றன. அவர் ஊர் ஊராகப் போனார். ஆனால் புகழும் உடைமையும் வேறு வேறு. அவரும் நண்பர்களும் தொடக்க நாள்களில் கூடி நின்ற கடைகளில் ஒன்று, 1994இல் லஃபாயெட் தெருவில் திறக்கப்பட்ட சுப்ரீம். 2020இல் அந்நிறுவனம் 210 கோடி டாலருக்கு விலைபேசப்பட்டது. கடைக்குக் கவர்ச்சி தந்தவர்கள் அதன் வாசலில் நின்ற இளைஞர்கள். வாசலில் நின்றதற்குப் பங்குப் பத்திரம் எவரும் தருவதில்லை. கிட்ஸ் படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற நண்பர் ஜஸ்டின் பியர்ஸ் 2000இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 25.

2006 பிப்ரவரி 17 அன்று ஹரால்ட், தாம் வளர்ந்த அதே வட்டாரத்தில், தம் வீட்டில் இறந்துகிடந்தார். கொக்கெயின் தூண்டிய மாரடைப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. வயது 31. இதை மறைத்து அவரைப் புனிதராக்கும் எழுத்தும் உண்டு. இதை மட்டுமே சொல்லி அவர் வாழ்வை முடித்துவிடும் எழுத்தும் உண்டு. கள்ளக்குறிச்சிக்காரர்களான நமக்கு இரண்டாவது வகை நன்கு தெரியும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோரில் பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் குடிகாரர்கள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். பழி மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர்மீது ஏற்றப்பட்டது. அம்மலை மக்களின் சாலை, மருத்துவம், பள்ளி பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. ஒருவரது சாவுக்கு நஞ்சு காரணமாகலாம். நஞ்சு ஏன் சில தெருக்களில் மட்டும் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்கு அவர் காரணமல்லர்.

ஹரால்டின் நண்பர்களும் குடும்பத்தாரும் 2007இல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். வசதியற்ற நகரப் பிள்ளைகளை ஸ்கேட்போர்டு முகாம்களுக்கு அனுப்புவதும், அவர்களுக்கு வழிகாட்டிகளைத் தேடித் தருவதும் அதன் பணி. ஆண்டுதோறும் அவர் பெயரால் ஒரு நாள் கொண்டாடப்படுகிறது. அதற்குள் களமும் மாறியிருந்தது. ஃபிலடெல்ஃபியாவின் தெருக்களில் வளர்ந்த ஸ்டீவி வில்லியம்ஸ், தம்மை இழிவுபடுத்திய வசைச்சொல்லையே பெயராக்கி, டிஜிகே என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அதன் உரிமையாளராகவும் இருந்தார். ஹரால்ட் இறந்த அதே ஆண்டில், ராப் பாடகர் லூப்பே ஃபியாஸ்கோ ஸ்கேட்போர்டைப் பற்றிய பாடலோடு புகழ்பெற்றார்.

நம் நாட்டிலும் பலகை வந்துவிட்டது. மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலியைப் பற்றிய குறும்படம் உலக விழாக்களுக்குச் சென்றது. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்துப் பழங்குடிப் பெண் ஆஷா கோண்ட் 2018இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் பங்கேற்றார். 2021இல் ஸ்கேட்டர் கேர்ள் என்ற இந்தித் திரைப்படம் வந்தபோது, அது ஆஷாவின் கதையா என்ற சர்ச்சை எழுந்தது. படக்குழு அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. அக்கேள்வி நியூயார்க்கிலிருந்து புந்தேல்கண்ட் வரை வந்துவிட்டதைக் குறித்துக்கொள்கிறோம்.

பறையிசை இளைஞர்களின் தாளுக்குத் திரும்புவோம். 18 வயது நிறையாதவர் இட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இன் மொஹோரி பீபி வழக்கிலிருந்து நிலைபெற்ற சட்டம். 2012 திருத்தத்திற்குப் பின், பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ, 38பி பிரிவுகள் நிகழ்த்துக் கலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் பங்கையும், தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையையும் தருகின்றன. ஆனால் அதே சட்டம், திரைப்படத்தில் தற்செயலாகத் தோன்றி, தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாதவரைப் பெரும்பாலும் கலைஞர் என்றே ஏற்பதில்லை. நம் பிள்ளைகளை அந்த ஓட்டைக்குள் தள்ளுவதுதான் எதிர்த்தரப்பின் வாதம். பறை இல்லாமல் அந்தப் பாடலே இல்லை என்பது நம் வாதம்.

சென்ற மாதம் அவர்கள் மீண்டும் வந்தனர். வேறொரு குழு பாடல் எடுக்க அழைத்திருக்கிறது. இம்முறை தமிழில் இரண்டு பக்க ஒப்பந்தத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே கேட்டு வாங்கியிருந்தார்கள். பெயர், ஊதியம், மறுபயன்பாடு ஆகியவற்றில் முதல் இரண்டும் நிரப்பப்பட்டிருந்தன. மூன்றாவதற்கு நேரே உள்ள இடம் காலியாக இருந்தது. அது நிரம்பும் வரை மலைக்கு வண்டி வரவேண்டாம் என்று குழுவின் மூத்த பையன் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான்.