அக்ஸா வளாகத்தில் அடங்கியிருக்கும் மவ்லானா முஹம்மது அலி ஜவ்ஹர்

கல்கத்தாவிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னைக்கு வரும் ரயில் பாதையில், 1921 செப்டம்பரில் காந்தியுடன் புறப்பட்ட ஒரு தலைவர் நம் ஊர்ப்பக்கம் வந்து சேரவில்லை. செப்டம்பர் 14 அன்று வால்டேர் ரயில் நிலையத்தில் அவரைக் கைது செய்தார்கள். கூடவே வந்த அவருடைய மனைவி அம்ஜதி பேகம் கலங்கி ஊர் திரும்பாமல், காந்தியுடன் சென்னைக்குப் பயணத்தைத் தொடர்ந்தார். ஆங்கிலேய ராணுவத்தில் முஸ்லிம்கள் பணிபுரிவது ஹராம் என்ற கராச்சி மாநாட்டுத் தீர்மானத்துக்காக அந்தத் தலைவருக்கு இரண்டாண்டு சிறை கிடைத்தது.

அவர்தான் மவ்லானா முஹம்மது அலி ஜவ்ஹர். 1878இல் ராம்பூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவரையும் அண்ணன் ஷவ்கத் அலியையும் ஆளாக்கியவர் தாயார் பீ அம்மா. அலிகரிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். 'காம்ரேட்', 'ஹம்தர்த்' இதழ்களை நடத்தினார். 1920இல் ஜாமிஆ மில்லியாவின் முதல் துணைவேந்தரானார். 1923இல் காக்கிநாடா காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். பிறகு நேரு அறிக்கை விஷயத்தில் காங்கிரஸை விட்டு விலகினார். இன்று பலர் அந்த விலகலை மட்டுமே பேசுகிறார்கள். அது நியாயமல்ல.

பைத்துல் முகத்தஸ் அவருக்குத் தூரத்து ஊர்ச் செய்தியாக இருந்ததில்லை. 1917இல் பால்ஃபர் பிரகடனம் வந்தது, அடுத்த மாதமே ஜெருசலம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1920இல் கிலாஃபத் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று லண்டன் சென்ற அவர், ஃபலஸ்தீன் உள்ளிட்ட புனித பூமி முஸ்லிம்களின் ஆட்சியை விட்டுப் போகக்கூடாது என்று பிரதமர் லாயிட் ஜார்ஜிடம் நேரில் வாதாடினார். பலன் கிட்டவில்லை.

1930இல் நீரிழிவு நோய் முற்றியிருந்த நிலையிலும் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். விடுதலை தராவிட்டால் அந்நிய மண்ணில் தனக்கு ஒரு கப்ர் தர வேண்டியிருக்கும் என்று அங்கே சொன்னார். 1931 ஜனவரி 4 அன்று லண்டனில் வஃபாத்தானார். முஃப்தி அமீன் அல்ஹுஸைனியின் அழைப்பின் பேரில் ஜனாஸா ஜெருசலம் கொண்டு செல்லப்பட்டு, ஜனவரி 23, வெள்ளிக்கிழமை, ஹரம் ஷரீஃபின் மேற்கு ஓரத்தில், பாபுல் கத்தானீன் வாசலருகே நல்லடக்கம் செய்யப்பட்டது. உஸ்மானிய கிலாஃபத்தை எதிர்த்துக் கிளர்ந்த ஷரீஃப் ஹுஸைனும் அதே ஆண்டு அதே மேற்கு ஓரத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்!

இந்த வளாகம்தான் இன்று இஸ்ரேலிய அரசியலில் தீராத சர்ச்சை. தொழுகை முஸ்லிம்களுக்கு, மற்றவர்களுக்குப் பார்வையிட மட்டுமே அனுமதி என்பது 1967க்குப் பிந்தைய ஏற்பாடு. நிர்வாகம் ஜோர்தான் சார்ந்த வக்ஃபிடம் உள்ளது. அமைச்சர் பென் கவீர் யூதர்களும் அங்கே வழிபடலாம் என்கிறார். ஏற்பாடு மாறவில்லை என்கிறது பிரதமர் அலுவலகம். யூதர்கள் அங்கே நுழைவதே மார்க்கப்படி கூடாது என்பது இஸ்ரேலின் தலைமை ரப்பீக்களுடைய நெடுநாள் தீர்ப்பு. ஹரேதி கட்சியினரும் இதைச் சொல்லியே பென் கவீரைக் கண்டிக்கிறார்கள். நம் செய்திகளில் இந்த உள்சண்டை அதிகம் வருவதில்லை.

1948இல் கஸ்தல் போரில் ஷஹீதான அப்துல் காதிர் அல்ஹுஸைனியும் மவ்லானாவுக்குப் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார். அக்ஸாவுக்கு ஜியாரத் செல்பவர்கள் பாபுல் கத்தானீன் பக்கம் போய் ராம்பூர்க்காரருக்கும் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.