தங்கை வீட்டில் தங்கிய பூனைகள்



மாலைச் செபம் முடிந்து வீட்டுக் கதவைச் சாத்தப் போகிறோம். வாசற்படியில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. யாருடைய பூனை என்று தெரியவில்லை. அருகில் போனால் ஓடாமல் காலைச் சுற்றி வந்து உரசுகிறது. வயிறு ஒட்டியிருக்கிறது, காதோரம் ஆறாத புண். வீட்டுக்குள்ளே, குட்டியிலிருந்து நாம் வளர்த்த பூனை சன்னல் வழியாக அதைப் பார்த்துச் சீறுகிறது. உள்ளே விட்டால் நம் பூனைக்கு நோய் தொற்றிவிடுமோ என்ற அச்சம். விரட்டிவிட்டால் இரவெல்லாம் மனம் உறுத்தும்.

சிறிய காரியம்தான். ஆனாலும் வெளியே நிற்பவருக்கு இரங்குவதா, உள்ளே இருப்பவரைக் காப்பதா என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை மனிதர் விடயத்திலும் விலங்குகள் விடயத்திலும் சந்தித்தவர், பெரு நாட்டின் லீமா நகரில் வாழ்ந்த புனித மார்ட்டின் தெ போரஸ். பல ஆலயங்களில் கையில் துடைப்பத்துடனும், காலடியில் நாய், பூனை, எலியுடனும் அவரது சுரூபத்தைப் பார்த்திருக்கிறோம்.

மார்ட்டின் 1579ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி பிறந்தார். தந்தை ஹுவான் தெ போரஸ் இஸ்பானியப் பிரபு. தாய் ஆனா வெலாஸ்கெஸ், பானமாவிலிருந்து வந்த, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். பெற்றோர் திருமணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை தாயின் நிறத்தில் பிறந்ததால் தந்தை முதலில் அவரைத் தன் மகனாக ஏற்கவில்லை. லீமாவின் புனித செபஸ்தியார் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றபோது, பதிவேட்டில் தந்தையின் பெயர் எழுதப்படவில்லை. ஈராண்டுகளுக்குப் பின் தங்கை ஹுவானா பிறந்தார். தாய் துணி வெளுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். தன்னை யாரும் உள்ளே அழைக்காத கதவுகளுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று மார்ட்டினுக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

பன்னிரண்டு வயதளவில் அவர் முடிதிருத்துபவரும் மருத்துவருமான ஒருவரிடம் தொழில் பழகினார். அக்காலத்தில் முடி வெட்டுபவரே காயங்களுக்குக் கட்டுப்போடுவார், எலும்பு முறிவைச் சரிசெய்வார், மூலிகை மருந்து கொடுப்பார். இந்தத் தொழிலறிவு வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கைகொடுத்தது.

பதினைந்தாம் வயதில், லீமாவில் இருந்த புனித தோமினிக் சபையாரின் செபமாலை அன்னை மடத்தில் சேர்ந்தார். ஆப்பிரிக்க வழியினரும் பூர்வகுடியினரும் துறவு சபைகளில் முழு உறுப்பினராவதை அந்நாளைய பெரு நாட்டுச் சட்டம் தடுத்தது. எனவே அவர் மடத்து ஊழியராகவே ஏற்கப்பட்டார். தரையைக் கூட்டினார், துணி துவைத்தார், சமையலறையில் உதவினார், சகோதரர்களுக்கு முடி திருத்தினார். 1603ஆம் ஆண்டில்தான் பொதுநிலைச் சகோதரராக வார்த்தைப்பாடு கொடுக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மடத்து நோயாளர் இல்லத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

மடத்துச் சகோதரர்களுக்கு மட்டும் மருத்துவம் செய்துவிட்டு இருந்திருந்தால் எந்தச் சிக்கலும் வந்திராது. ஆனால் தெருவில் விழுந்து கிடந்தவர்களையும் மார்ட்டின் தூக்கிவந்தார். அடிமைகள், பூர்வகுடிகள், ஏழை இஸ்பானியர் எனப் பாகுபாடு பார்க்கவில்லை. படுக்கை கிடைக்காதபோது தன் சொந்தப் படுக்கையையே கொடுத்தார்.

அந்த நாட்களில் லீமாவில் கொள்ளைநோய் பரவியது. மடத்துக்குள்ளேயே ஏறக்குறைய அறுபது துறவியர் படுக்கையில் விழுந்தனர். இந்நிலையில், வெளியிலிருந்து நோயாளிகளை மடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று சபையின் மாநிலத் தலைவர் தடைவிதித்தார். அவர் இரக்கமில்லாதவர் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. தம் பொறுப்பில் விடப்பட்டவர்களைத் தொற்றிலிருந்து காப்பது அவரது கடமை.

மார்ட்டின் என்ன செய்தார்? தலைவரோடு வாதாடவில்லை. வெளியே கிடந்தவர்களைக் கைவிடவும் இல்லை. தங்கை ஹுவானாவிடம் போனார். தங்கை தன் வீட்டைத் திறந்துவிட்டார். மடத்தில் இடமில்லாத நோயாளிகள் அங்கே போய்ச் சேர்ந்தனர்.

ஒருநாள் கத்திக்குத்துப்பட்டு இரத்தம் வடியக் கிடந்த பூர்வகுடி ஏழை ஒருவரை வழியில் கண்டார். தங்கை வீடு வரை கொண்டுபோனால் உயிர் தாங்காது என்று தன் அறையில் கிடத்திக் காயத்துக்கு மருந்திட்டார். கட்டளையை மீறியதற்காக மடத்துத் தலைவர் கண்டித்தார். மார்ட்டின் பணிவோடு மன்னிப்புக் கேட்டார். அன்புக் கட்டளையைவிடக் கீழ்ப்படிதலின் கட்டளை பெரியது என்பதைத் தான் அறிந்திருக்கவில்லை என்று சொல்லி, தனக்கு அதைக் கற்றுத்தரும்படி வேண்டிக்கொண்டார். அதற்குப்பின் இரக்கச் செயல்களில் தன் மனசாட்சிப்படி நடக்க அவருக்கு அனுமதி கிடைத்தது.

இந்த இரக்கம் மனிதரோடு நின்றுவிடவில்லை. லீமாவின் தெருக்களில் சுற்றித் திரிந்த நாய்களும் பூனைகளும் காயம்பட்டால் மார்ட்டினைத் தேடி வந்தன. அவற்றின் புண்களையும் மனிதருக்குச் செய்வது போலவே கழுவிக் கட்டினார். நோயாளிகள் நிறைந்த மடத்தில் அவற்றைத் தங்கவைக்க முடியாது. அவற்றுக்கும் தங்கை வீடே அடைக்கலமாயிற்று. தெருநாய்களையும் பூனைகளையும் அங்கே தங்கவைத்து மார்ட்டின் பராமரித்தார். அண்ணனின் இரக்கத்துக்கு இடம் கொடுத்த ஹுவானாவையும் நாம் மறக்கக் கூடாது. பெயர் வெளியே தெரியாமல் பாரம் சுமக்கும் ஒருவர் எல்லா நற்செயலுக்கும் பின்னால் இருக்கிறார்.

எலிகளைப் பற்றிய நிகழ்வும் மரபில் சொல்லப்படுகிறது. மடத்தின் துணி அறையில் எலிகள் புகுந்து துணிகளைக் கடித்துக் குதறின. அவற்றைக் கொல்லச் சகோதரர்கள் ஏற்பாடு செய்தனர். மார்ட்டின் ஓர் எலியைப் பிடித்து, அறையை விட்டுக் கூட்டத்தோடு தோட்டத்துக் கடைசிக்குப் போய்விட்டால் தினமும் உணவு கொண்டுவருவதாகச் சொன்னாராம். எலிகள் போய்விட்டன, அவரும் சொன்னபடி உணவு கொண்டுபோனாராம். துணியும் தப்பியது, எலிகளும் பிழைத்தன. நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்ட காட்சியும் அவர் வாழ்வோடு இணைத்துச் சொல்லப்படுகிறது.

1639ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி மார்ட்டின் இறைவனடி சேர்ந்தார். ஒருகாலத்தில் தந்தையே ஏற்க மறுத்த அவரது உடலை ஆயர்களும் பிரபுக்களும் தோளில் சுமந்தனர். 1837இல் திருத்தந்தை 16ஆம் கிரகோரி அவரை அருளாளராகவும், 1962ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி திருத்தந்தை 23ஆம் யோவான் புனிதராகவும் அறிவித்தனர். அவர் விழா நவம்பர் 3.

அன்பர்களே, ஒரே தட்டில் உண்ட காட்சியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அது இறைவன் தந்த அருங்கொடை. நாம் பின்பற்றக்கூடியது தங்கை வீடு. உள்ளே இருப்பவரை ஆபத்தில் தள்ளாமல், வெளியே இருப்பவரைக் கைவிடாமல், மார்ட்டின் மூன்றாவதாக ஓர் இடத்தைத் தேடினார். அதைத்தான் இன்றைய கால்நடை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

வாசலுக்கு வந்த பூனைக்கு முதலில் வெளியிலேயே உணவும் தண்ணீரும் வையுங்கள். பசும்பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும். வளர்ந்த பூனைக்குச் சோற்றோடு மீனோ வேகவைத்த கோழியோ போதும். மனிதரிடம் பழகிய பூனை என்றால் யாரோ தேடிக்கொண்டும் இருக்கலாம், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். தங்கவைக்க விரும்பினால் தனி அறையோ மாடிப்படி அடியில் ஒரு கூண்டோ ஒதுக்குங்கள். குறைந்தது இரண்டு வாரம் வீட்டுப் பூனையோடு சேரவிடாதீர்கள். தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு எல்லாம் தனியாக இருக்கட்டும். பூனைகளைத் தாக்கும் பான்லூக்கோபீனியா என்னும் கொடிய நோயின் கிருமி நம் கைகளிலும் செருப்பிலும் ஒட்டிவந்தே தொற்றக்கூடியது, பல மாதங்கள் அழியாமல் இருக்கும். எனவே வந்த பூனையைத் தொட்டபின் சோப்பால் கைகழுவி, உடை மாற்றிவிட்டு நம் பூனையிடம் செல்வது நல்லது.

அதன்பின் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் இரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை பற்றிக் கேளுங்கள். நம் வீட்டுப் பூனைக்கும் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும், பூட்டிய கதவைவிட அதுவே நல்ல காவல். பூனை கடித்தாலோ கீறினாலோ அலட்சியம் வேண்டாம். பூனையாலும் ரேபிஸ் நோய் வரும். காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வைத்துக்கொள்ள முடியாவிட்டால் நல்ல வீடொன்றைத் தேடிக் கொடுக்கலாம். நமக்கும் ஒரு ஹுவானா கிடைக்கலாம். அல்லது, வேறொருவரின் இரக்கத்துக்கு இடம் கொடுக்கும் ஹுவானாவாக நாமே இருக்கலாம்.

இன்றிரவு கதவைச் சாத்தும்முன் ஒரு கணம் வாசற்படியைப் பார்ப்போம். காக்க வேண்டியவரைக் காக்கும் அறிவையும், வந்தவரைத் தள்ளாத மனத்தையும் புனித மார்ட்டினின் பரிந்துரையால் இறைவனிடம் கேட்போம்.