நகரங்களுக்கு வைத்தியம் பார்த்த தோட்டக்காரர்: பற்றிக் கெடிஸ்

ஸ்கொட்லாந்தில் டன்பேர்ம்லின் என்றொரு சிறிய நகரம் உண்டு. லினன் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். அந்த ஊரை ஒட்டினாற்போல், மதிலுக்குள் பிற்றென்கிறீவ் என்ற பெரிய தோட்டம் ஒன்று இருந்தது. மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு, அடியில் ஓர் ஓடை, பழைய அரச மாளிகையின் இடிபாடுகள், நடுவில் சொந்தக்காரரின் வீடு. வருடத்தில் ஒரு நாள் மட்டும் ஊராருக்குக் கதவு திறக்கும். அந்த ஒரு நாளிலும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் அனுமதி கிடையாது. இடிபாடுகளில் ஊருக்குள்ள உரிமைக்காக அவர்களின் பெரியவர்கள் சொந்தக்காரரோடு மல்லுக்கு நின்றதே காரணம்.

அப்படி வெளியே நிறுத்தப்பட்ட சிறுவர்களில் ஒருவன், ஏழை நெசவாளியின் மகன், 1848இல் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். அங்கே உருக்கு ஆலைகளின் அதிபதியாகி உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானான். அவர்தான் அன்ட்ரூ கார்னேகி. 1902இல் அந்தத் தோட்டத்தை அவர் விலைக்கு வாங்கினார். அடுத்த வருடம் அதை, ஐந்து இலட்சம் பவுண் பெறுமதியான நிதியுடன் சேர்த்து, ஊருக்கே கொடுத்துவிட்டார்.

சுமார் 25,000 பேர் வாழ்ந்த ஒரு நகரத்தின் கையில் திடீரென்று 76 ஏக்கர் காணியும் பெரும் பணமும். என்ன செய்வது? பொறுப்பேற்ற தர்மகர்த்தாக்கள் இருவரிடம் யோசனை கேட்டார்கள். ஒருவர் தோமஸ் மோசன், தோட்டக் கலையில் பெயர் பெற்றவர். மற்றவர் ஒரு தாவரவியல் பேராசிரியர். அந்தப் பேராசிரியரின் கதையைத்தான் இங்கே எழுத முனைகின்றேன்.

பற்றிக் கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி பிறந்தார். தந்தை படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பேர்த் நகரத்தின் மேலே, குன்றுச் சரிவில் ஒரு சிறிய வீட்டில் குடியிருந்து தோட்டம் செய்தார். மகனுக்கு முதல் பள்ளிக்கூடம் அந்தத் தோட்டமே. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்து, செடிகளின் பெயர் கேட்டு வளர்ந்தவர் அவர். மகன் ஏதாவது உத்தியோகத்தில் அமர வேண்டும் என்ற தந்தையின் விருப்பத்துக்காகச் சில காலம் வங்கியிலும் இருந்து பார்த்தார். மனம் ஒட்டவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கப் போனார். செத்த இலைகளை அறுத்துப் பார்ப்பதே அங்கே பாடமாக இருந்தது. ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார். பிறகு லண்டனில் பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். பிற்காலத்தில் பேராசிரியராக விளங்கிய இவர் கடைசி வரை ஒரு பட்டமும் பெறவில்லை. (பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தங்கைமார் இதைக் காரணம் காட்டிப் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். அவர் படித்ததைப்போலப் படித்தவர்கள் குறைவு.)

1879இல், 25 வயதில், ஆராய்ச்சிக்காக மெக்சிக்கோ போனவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. கண்களைக் கட்டி, இருட்டறைக்குள் பல வாரங்கள் இருக்கவேண்டி வந்தது. நுணுக்குக்காட்டியே வாழ்க்கை என்று நம்பியிருந்த இளைஞனுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும்! ஒருநாள் அறையைத் தடவித் திரிந்தபோது யன்னலின் கண்ணாடிக் கட்டங்கள் விரல்களில் பட்டன. ஒரு கட்டத்துக்கு ஒரு கருத்து என்று வைத்து, அவற்றுக்கிடையே உள்ள உறவுகளை யோசிக்கத் தொடங்கினார். பின்னர் கடதாசியைக் கட்டம் கட்டமாக மடித்து யோசிப்பது அவரது ஆயுட்காலப் பழக்கமாயிற்று. பார்வை திரும்பியது. ஆனால் நுணுக்குக்காட்டியில் நீண்ட நேரம் பார்க்கும் வலு அந்தக் கண்களுக்கு இருக்கவில்லை. சிறிய உயிர்களைப் பார்க்க முடியாதவரின் பார்வை மெல்ல மெல்லப் பெரிய உயிர் ஒன்றின் பக்கம் திரும்பியது. நகரத்தையும் அவர் ஓர் உயிராகவே கண்டார்.

1886இல் அன்னா மோர்ட்டன் என்பவரை மணந்தார். அடுத்த வருடம் இருவரும் வசதியான வீட்டை விட்டுவிட்டு, எடின்பரோவின் பழைய நகரில், ஜேம்ஸ் கோர்ட் என்ற நெருக்கடியான மாடிக் குடியிருப்பில் போய்க் குடியேறினார்கள். இருள், நாற்றம், குப்பை நிறைந்த இடம். ஏழைகளைத் திருத்துவது பற்றி மேடையில் பேசியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப்பேர். இவர்களோ சுண்ணாம்பு வாளியைக் கையில் எடுத்தார்கள். சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள், யன்னல்களில் பூப்பெட்டிகள் வைத்தார்கள். அயலவர்களும் மெல்ல வந்து சேர்ந்துகொண்டார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு அந்த முடுக்கில் குடும்பம் நடத்திய அன்னாவை நினைக்கும்போது, இந்தக் கதையில் பாதிப் பெருமை அவருக்குரியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1888இல் டண்டி நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். வருடத்தில் கோடைகாலப் பருவம் மட்டுமே கற்பித்தால் போதும் என்ற ஏற்பாடு. மிச்சக் காலமெல்லாம் நகரங்களுக்கு.

இனி டன்பேர்ம்லினுக்கு வருவோம். கெடிஸ் முதலில் வரைபடம் வரையவில்லை. நடந்தார். ஓடைக்கரையில், மதிலோரத்தில், ஊரின் ஒழுங்கைகளில், எல்லாம் நடந்து பார்த்தார். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு கோணத்தையும் புகைப்படம் எடுப்பித்தார். அதே காட்சி திருத்தப்பட்டபின் எப்படி இருக்கும் என்று வரைந்து, பழையதும் புதியதும் ஒப்பிடும்படி அருகருகே வைத்தார். நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது வைத்தியர்களின் விதி. நகரத்துக்கும் அதுவே விதி என்பார் அவர்.

1904இல் வெளிவந்த அவரது அறிக்கை ஒரு தடித்த புத்தகம். ஓடை அழுக்காகக் கிடக்கும்போது கரையில் பூச்செடி நடுவதில் பயனில்லை, நீரைச் சுத்தமாக்குவதே முதல் வேலை என்றார். பழைய கட்டடங்களை இடிக்காமல் பழுதுபார்த்து, ஊரின் சரித்திரத்தைச் சொல்லும் இடங்களாக்கச் சொன்னார். பூங்கா மதிலோடு முடிந்துவிடக் கூடாது, அது நகரத் தெருக்களுக்குள்ளும் பாடசாலைகளுக்குள்ளும் நீள வேண்டும் என்று விரும்பினார்.

பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது இன்றும் யோசிக்க வைக்கிறது. பொதுப் பூங்காக்கள் பழைய பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களைப் பார்த்தே அமைக்கப்படுகின்றன. தூரத்திலிருந்து பார்க்க அழகு, தொட்டால் குற்றம். பையன்களுக்குப் பந்தடிக்க ஒரு திடலை ஒதுக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பிள்ளைகளின் மனமோ குடில் கட்டவும், குகை தோண்டவும், ஓடையை மறிக்கவும் ஏங்குகிறது. அவற்றைக் குறும்பு என்று தண்டிப்பதைவிட அவற்றுக்கு இடம் கொடுப்பதே அறிவு என்பது அவர் கட்சி. புல்லில் நடக்காதே என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி வந்த எவருக்கும் இதன் நியாயம் புரியும்.

தர்மகர்த்தாக்கள் அறிக்கையை ஏற்கவில்லை. மோசனின் திட்டத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டம் மக்களுக்குத் திறந்தது, ஆனால் கெடிஸ் கண்ட கனவின்படி அல்ல. ஐம்பதாவது வயதில் அவருக்கு அது பெரிய அடி.

எடின்பரோவில் அவரும் தோழர்களும் பழைய நகரத்தை முடுக்கு முடுக்காக அளந்தார்கள். வீடு இடிந்த இடம், குப்பை கொட்டும் மூலை, யாரும் எட்டிப் பார்க்காத கொல்லை என்று 75 துண்டுக் காணிகள் கணக்கில் வந்தன. எல்லாம் சேர்ந்து 10 ஏக்கர்! இடமே இல்லை என்று எல்லோரும் சொன்ன ஊரில் ஒளிந்து கிடந்த நிலம் அது. அத்துண்டுகள் சிலவற்றைத் தோட்டங்களாக மாற்றும் பொறுப்பை ஏற்றவர் அவரது மகள் நோரா. இருபதுகளில் இருந்த பெண். பணமும் பெரிதாக இல்லை. கிடைத்த கல்லையும் மண்ணையும் கொண்டு, அயலவர்களின் உதவியோடு, தெருப் பிள்ளைகள் விளையாடவும் செடி நடவும் இடங்கள் அமைத்தார். கார்னேகியின் இலட்சங்களால் நிறைவேறாதது, மகளின் மண்வெட்டியால் சிறிய அளவில் நிறைவேறியது.

1914இல் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. நகரங்களைப் பற்றி அவர் பல வருடங்களாகச் சேர்த்த படங்களும் வரைபடங்களும் அடங்கிய கண்காட்சி வேறொரு கப்பலில் புறப்பட்டது. அந்தக் கப்பலை ஜேர்மனியரின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். கெட்டிக்காரத்தனமாக எதையாவது செய்துவிட்டுத் தப்பிக்கொள்பவனை நம் பெரியவர்கள் எம்டன் என்பது அந்தக் கப்பலை வைத்துத்தான். ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பு கடலுக்கடியில் போய்விட்டது. நண்பர்கள் அவசர அவசரமாகப் புதிய படங்களைச் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது. மகன் அலஸ்டெயர் தந்தைக்குத் துணையாக நின்றார்.

பிறகு மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று தமிழ் நகரங்களிலும் நடந்தார். நெருக்கமான பகுதிக்கு நடுவே நேர்கோடாகத் தெரு வெட்டி ஏழைகளின் வீடுகளை இடிப்பதே அன்றைய வழக்கம். அவரோ வீடு வீடாகப் பார்த்தார். பாழடைந்த ஒன்றிரண்டை அகற்றி, கிடைத்த வெளியில் ஒரு மரமும் கிணற்றடியும் சிறு முற்றமும் அமைத்தால் காற்றும் வரும், குடியிருப்பவர்களும் தெருவில் நிற்க மாட்டார்கள் என்று காட்டினார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். குளத்தைச் சுத்தமாக வைத்து மீன் விடலாமே என்பது அவர் கேள்வி.

1917 அவரை உடைத்துப் போட்ட வருடம். ஏப்ரலில் மகன் அலஸ்டெயர் பிரான்சின் போர்முனையில் இறந்தார். அப்போது அன்னா இந்தியாவில் கடும் காய்ச்சலில் கிடந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் மனைவிக்குச் சொல்லவே இல்லை. மகனின் பழைய கடிதங்களை அருகில் இருந்து வாசித்துக் காட்டினார். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைவுடனேயே அன்னா கண்மூடினார். அதன்பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. இந்தூர் நகரத்துக்கான இரண்டு பாகங்கள் கொண்ட அறிக்கை அடுத்த வருடமே வெளிவந்தது.

எமது நாட்டுக்கும் அவர் வந்தார். 1921இல் கொழும்புக்கான நகரத் திட்ட அறிக்கையை எழுதிக் கொடுத்தார். மரங்களும் நீரும் நிறைந்த கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகரமாக வளர்க்கலாம் என்பது அவர் எண்ணம். காலிமுகத்திடலிலோ பேரை வாவிக் கரையிலோ பிள்ளைகளோடு காற்று வாங்கப் போகும் பெற்றோர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

கடைசிக் காலத்தை பிரான்சின் மொன்ட்பெலியே நகரத்தில் கழித்தார். அங்கும் ஒரு கல்லூரி, அதைச் சுற்றி ஒரு தோட்டம். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி அங்கேயே காலமானார்.

டன்பேர்ம்லின் தோட்டத்தில் இன்று யாரும் நுழையலாம். மயில்கள் அங்கே சுதந்திரமாக உலாவித் திரிகின்றன. எடின்பரோவில் நோரா காலத்துத் தோட்டங்களில் பல மறைந்துவிட்டன. மிஞ்சியவற்றில் ஒன்று கோட்டைக்குக் கீழே, ஜோன்ஸ்டன் டெரஸ் வீதியருகே இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் பராமரித்து வந்த ஒதுக்கிடங்களில் மிகச் சிறியதாக இருந்தது அதுதான்.